பாதி வரிசை

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் மேலூர் பக்கம். மதுரையில் அறை எடுத்துத் தங்கி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வயது 27. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. உட்கார்ந்தால் பதினான்கு மணி நேரம்கூட உட்காருவேன். போன மாதம் ஒரே நாளில் தேசிய இயக்கம் பாடம் முழுவதையும் முடித்தேன். அதற்கப்புறம் நான்கு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. எப்போதும் இதே கதைதான். சுவரில் பென்னிகுவிக் படமும் டாக்டர் வெங்கடசாமி படமும் ஒட்டியிருக்கிறேன். காலையில் ஊக்கப் பேச்சு வீடியோ ஒன்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். அந்தச் சூடு பத்து மணிக்குள் ஆறிவிடுகிறது. அப்பா இன்னும் பணம் அனுப்புகிறார், வாங்கவே கூசுகிறது. விடாமுயற்சி வருவதற்குச் சில புத்தகங்கள் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள தம்பி,

வீடியோவை இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்தவர் கத்திக் கத்தி ஏற்றிவிடுகிற சூடு அவர் வாயை மூடியதும் இறங்கத்தான் செய்யும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

படங்களையும் கழற்றி வேறு சுவரில் மாட்டுங்கள். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த மேலூர்க்காரர் பென்னிகுவிக் படம் வைத்திருப்பது நியாயம்தான். முல்லைப் பெரியாறு அணையை 1887இல் தொடங்கி, கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போக மறுபடி கட்டி, 1895இல் முடித்த மனிதர். டாக்டர் வெங்கடசாமி முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவை செய்யப் பழகியவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல், 11 படுக்கைகளோடு இந்த ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இருவரும் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் நீங்கள் பார்ப்பது அணை கட்டி முடித்தவரை, ஆஸ்பத்திரி எழுப்பி முடித்தவரை. விடிந்ததும் முடித்தவர்கள் முகத்திலேயே விழித்தால், நாம் இன்னும் முடிக்கவில்லை என்பது மட்டும்தான் உறைக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு வரி. "ஒரே நாளில் முழுவதையும் முடித்தேன்." இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோயே அதுதான் தம்பி.

போன வாரம் அண்ணன் மகளுக்குச் சுங்குடிச் சேலை எடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். விரித்துப் போட்ட சேலைகளில் விரலை வைத்துப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, எல்லாம் அச்சு. கையால் முடிச்சுப் போட்டதென்றால் ஒவ்வொரு புள்ளியிலும் துணி சற்றே சுருங்கி விரலில் தட்டுப்படும். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போடுகிற கைகள்தான் குறைந்துகொண்டே போகின்றன. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவளுக்கு இரண்டு நாளாக முனிச்சாலைப் பாட்டி நினைவாகவே இருந்தது. மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

முனிச்சாலைப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இருந்தார். மருமகளிடம் சௌராஷ்டிர மொழி, என்னிடம் தமிழ். காலையில் வேலை முடிந்ததும் திண்ணையில் வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துணியில் வரிசை வரிசையாகக் குறி இருக்கும். இடது கை நுனிவிரல்களால் குறியைக் கிள்ளித் தூக்கி, வலது கையால் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஒரு சுண்டு சுண்டுவார். கடுகளவு முடிச்சு விழும். நூலை அறுக்காமல் அடுத்த குறிக்குப் போய்விடுவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் அப்படிப் போட வேண்டும். அப்புறம்தான் சாயம். முடிச்சைப் பிரித்தால் சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பழகினேன். நூல் உரசி ஆள்காட்டி விரலில் கீறல் விழும், புளிக்குழம்புச் சோற்றைப் பிசையும்போது எரியும். எனக்கு வீம்பு. வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போடுவேன். பாட்டி அப்படி இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்ததும், வரிசையில் பாதிதான் ஆகியிருந்தாலும், துணியைச் சுருட்டி வைத்துவிடுவார். வரிசை அதற்கு முன்பே முடிந்துவிட்டால் அடுத்த வரிசையில் நாலு முடிச்சாவது போட்டுவிட்டுத்தான் எழுவார். எனக்கு அது கிறுக்காகத் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன்.

"முடிச்சுட்டு எழுந்தா நாளைக்கு உக்கார மனசு வராதுடி. பாதியில விட்டா அது கூப்பிடும்."

நான் விடிய விடிய உட்கார்ந்து நான்கு வரிசை முடித்த மறுநாள் திண்ணைப் பக்கமே போகமாட்டேன். பாட்டி தினமும் போனார். எங்கே தொடங்குவது என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. பாதி வரிசை அங்கே கிடக்கும், கை தானாக அதற்குப் போகும்.

ஏதோ பாட்டி சொன்ன பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1928இல் மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் பெர்லினில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, செய்துகொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தினார். ஓய்வு கிடைத்ததும், யாரும் சொல்லாமலே, பெரும்பாலானோர் விட்ட வேலையைத் திரும்பக் கையில் எடுத்தார்கள். பாட்டி சொன்ன 'கூப்பிடும்' இதுதான்.

எல்லோரும் எப்படித் தொடங்குவது என்றே கேட்கிறார்கள், நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நேற்று எப்படி நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கிறேன். பதினான்கு மணி நேரம் படித்து, பாடத்தை முடித்து, புத்தகத்தை மூடி, களைத்து விழுந்தீர்கள். மறுநாள் காலையில் உங்களைக் கூப்பிட அங்கே என்ன மிச்சம் இருந்தது? புதுப் பாடம், புது முதல் பக்கம், மலை மாதிரி. நான்கு நாள் அதைத் தொடாதது சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். சோம்பேறிக்குப் பதினான்கு மணி நேரம் உட்காரத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதது எழுந்திருக்க. இன்னும் ஓடும் என்று தோன்றும்போதே எழுந்துவிட வேண்டும். கணக்கென்றால் பாதி போட்ட கணக்கோடு, வரலாறென்றால் பத்தியின் நடுவில். பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், அதிலும் உங்களைப் போன்ற வீம்புக்காரருக்கு. எனக்கு அது பழக இருபது வருடம் ஆனது. இப்போது ஒரு கதையை வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டுச் சமைக்கப் போக என்னால் முடியும்.

அப்பா அனுப்பும் பணத்தை வாங்கக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கூச்சத்தைத் தீர்க்கத்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் விழுங்கப் பார்க்கிறீர்கள். அவர் ஒரே நாளில் சம்பாதித்து அனுப்பவில்லையப்பா.

பாட்டிக்குக் கண்புரை வந்தது. விரலுக்குத் தெரிந்த குறி கண்ணுக்குத் தெரியவில்லை. அறுவை செய்து, கட்டுப் போட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்தத் துணி சுருட்டியபடியே மாடத்தில் இருந்தது. மருமகள் முடித்துத் தருகிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். துணியைப் பிரித்தார். பெருவிரலால் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், கடைசி முடிச்சில் நின்றார். நூல் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த குறியைக் கிள்ளித் தூக்கினார். முதல் பத்து முடிச்சு தொளதொளவென்று விழுந்தது, பதினொன்றிலிருந்து பழையபடி இறுகியது.

புத்தகப் பட்டியல் இப்போது வேண்டாம். ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று எழுத வேண்டாம், முந்தின இரவு எந்தக் கேள்வியைப் பாதியில் விட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா