ஜெர்மன் சரளமாக வர எளிய கதைகள் படித்தால் போதுமா?

ஜெர்மன் மொழியின் நடுத்தர நிலையான பி1 தேர்வு முடித்துவிட்டீர்கள், இலக்கணமும் தெரிகிறது, ஆனால் பேசத் தொடங்கினால் வார்த்தை வரவில்லை. பொழுதுபோக்குக் கதைகள் படித்தால் சரளம் வருமா, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. நான் தெற்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். வந்த புதிதில் மருந்து, காயம், ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் பேசிவிடுவேன். சாப்பாட்டு மேசையில் சும்மா நாலு வார்த்தை பேச வராது.

என் பிரிவில் பார்வை மங்கிய ஒரு பாட்டி இருந்தார். அவர் அலமாரி நிறைய மெல்லிய கதைப் புத்தகங்கள். இங்கே அதற்கு ஹெஃப்ட்ரோமான் என்று பெயர். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் தொங்குமே, அதே மாதிரி. சுமார் 64 பக்கம், சாணித்தாள், ரயில் நிலையக் கடையில் கிடைக்கும். காதல், துப்பறிதல், மலைக்கிராமக் கதை என்று வகை வகையாக உண்டு. பாட்டிக்குப் பிடித்தது ஆர்ட்ஸ்ட்ரோமான், அதாவது டாக்டர் காதல் கதை. வேலை முடிந்ததும் தினம் பத்துப் பக்கம் அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.

முதல் கதையிலேயே ஒன்று புரிந்தது. இவற்றில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து ‘நெற்றியைச் சுருக்கினார்’, தாதி ‘பெருமூச்சு விட்டாள்’, நோயாளி ‘தலையசைத்தார்’. நாலாவது முறை வரும்போது அகராதியே தேவைப்படவில்லை. பெரிய இலக்கியத்தில் இது நடக்காது. அங்கே எழுத்தாளர் ஒரு சொல்லை இரண்டாம் முறை போடவே யோசிப்பார். அதனால்தான் மட்டமான கதை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

ஆனால் முக்கியமானது உரையாடல்தான். ‘டொஹ்’, ‘மால்’, ‘ஹல்ட்’, ‘யா’ என்று குட்டிச் சொற்கள் ஜெர்மன்காரர் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். வகுப்பில் இவற்றைப் பெரிதாகச் சொல்லித் தரவில்லை. கதையில் பார்த்தபோதுதான் இவை நம்மிடமும் இருக்கின்றனவே என்று பட்டது. ‘டு வைஸ்ட்’ என்றால் உனக்குத் தெரியும். ‘டு வைஸ்ட் டொஹ்’ என்றால் உனக்குத்தான் தெரியுமே! ‘ஸெட்ஸ் டிஹ்’ உட்கார், ‘ஸெட்ஸ் டிஹ் டொஹ்’ உட்காரேன். நம் ஏகாரமும் ‘ஏன்’ விகுதியும் செய்கிற வேலையை அந்த ஒரு சொல் செய்கிறது. ஒருநாள் மாலை பாட்டியின் தேநீர் கோப்பை அப்படியே இருந்தது. ‘ஸீ ஹாபென் டொஹ் நொஹ் நிஹ்ட்ஸ் கெட்ருங்கென்’ என்றேன். இன்னும் ஒன்றும் குடிக்கவில்லையே என்று அர்த்தம். மனசுக்குள் மொழிபெயர்க்காமல் தானாக வந்த முதல் வாக்கியம் அது.

இன்னொன்று, வாக்கியத்தின் கடைசிவரை காத்திருப்பது. ‘அவன் கதவை’ என்று தொடங்கி, கை நடுங்க, ஓசையில்லாமல், மெதுவாக என்றெல்லாம் போய், கடைசிச் சொல் ‘அவுஃப்’ என்றால் திறந்தான், ‘ட்ஸூ’ என்றால் மூடினான். நடுவில் வரும் வினைச்சொல் இரண்டுக்கும் ஒன்றேதான். வகுப்பில் இது பாடாய்ப் படுத்தியது. கதையில் அவன் திறந்தானா மூடினானா என்று தெரிந்துகொள்ளும் ஆவலே காத்திருக்கப் பழக்கிவிட்டது. வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்துப் பேசிப் பழகிய நமக்கு இது கைவரும்.

ஒரு எச்சரிக்கை. கதை சொல்லும் பகுதியில் வரும் இறந்தகாலத்தை அப்படியே பேச்சுக்கு எடுக்காதீர்கள். ‘போனேன்’ என்பதற்குப் புத்தகத்தில் ‘கிங்’ என்று இருக்கும். பேசும்போது, அதுவும் இந்தத் தெற்குப் பக்கத்தில், ‘பின் கெகாங்கென்’ என்பார்கள். நாம் எழுதும்போது ‘சென்றேன்’, பேசும்போது ‘போனேன்’ என்பதில்லையா, அந்த மாதிரி. ‘வார்’ (இருந்தது), ‘ஹாட்டெ’ (வைத்திருந்தது) இரண்டு மட்டும் புத்தகத்தில் இருப்பது போலவே பேச்சிலும் உண்டு. கதையைக் கண்ணால் படியுங்கள், உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். நான் ‘க்யூஸ்ஸென்’ என்ற முத்தத்தை ‘கிஸ்ஸென்’ என்று வாசித்து தலையணையாக்கியபோதெல்லாம் பாட்டி நிறுத்தி, உதட்டைக் குவிக்கச் சொல்லி, சரியாக வரும்வரை விடமாட்டார். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஒலிப்புத்தகத்தோடு சேர்ந்து வாசிக்கலாம்.

எதில் தொடங்குவது? டாக்டர் கதை பிடிக்காவிட்டால் எரிஹ் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ எடுங்கள். பெர்லின் போகும் ரயிலில் ஒரு சிறுவனின் 140 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) திருடு போகிறது. ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து திருடனைத் துரத்துகிறார்கள். சின்னச் சின்ன உரையாடல்கள். குழந்தைக் கதைதானே என்று கிரிம் சகோதரர்களிடம் இப்போதே போகவேண்டாம், அது பழைய மொழி. 1961 முதல் வாராவாரம் வரும் பெர்ரி ரோடான் விண்வெளித் தொடரும் வேண்டாம். 3000 இதழைத் தாண்டிய கதை, அதற்கென்றே தனிச் சொற்கள்.

ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல் புரியாவிட்டால் பரவாயில்லை, தாண்டிப் போங்கள். மூன்றாம் முறை வரும் சொல்லை மட்டும் தேடுங்கள். ஒரு பத்திக்கே மூச்சு முட்டினால் புத்தகத்தை மாற்றுங்கள். சென்னையில் இருந்தால் நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனின் நூலகம் இருக்கிறது. ஜெர்மனிக்கு வந்தபின் தெருமுனையில் திறந்த புத்தக அலமாரிகளைப் பாருங்கள், இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு நாலைந்து மாதம் ஆயிற்று. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் மூன்றில் எது வரும் என்ற குழப்பம் மட்டும் இதில் தீரவில்லை. அதற்குத் தனியாக நோட்டுப் போட்டுத்தான் படித்தேன்.