மெட்டலர்ஜி சீட்ட விடலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பொண்ணுக்கு கவர்மென்ட் காலேஜ்ல மெட்டலர்ஜி, அதான் உலோகத்தப் பிரிச்சு சுத்தம் பண்ற இன்ஜினியரிங் படிப்பு, கிடைச்சிருக்கு, சொந்தக்காரங்க எல்லாம் இரும்பு உருக்குற வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு, பணத்தக் கட்டி எங்கயாவது கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடுங்கிறாங்க, அவ ஜெர்மானியம்ங்கிற தனிமத்தப் பத்தி ஏதோ வீடியோ பார்த்துட்டு இதுதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. என் பதில் இதுதான், சீட்ட விட்றாதீங்க. ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

உங்க வீட்டுக்கு ஃபைபர் நெட் போட வந்த தம்பி ஒரு சின்ன மெஷின்ல முடி மாதிரி இழைய வெச்சு ஒட்டுனத பார்த்திருப்பீங்க. அது கண்ணாடி. அதுக்கு நடுவுல ஒன்பது மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒன்பது பங்கு அகலத்துல ஒரு பாதை ஓடும், அங்க மட்டும் ஜெர்மானியம் ஆக்சைடு கலந்திருப்பாங்க, அதனாலதான் வெளிச்சம் வெளிய சிதறாம உள்ளயே ஓடுது. இருட்டுல உடம்புச் சூட்ட வெச்சு ஆளக் காட்டுற கேமராவுக்கும் ஜெர்மானியத்துலதான் லென்ஸ் செய்றாங்க, கையில வாங்கிப் பார்த்தா நம்ம மூஞ்சிதான் தெரியும், அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது, ஆனா சூட்டுல இருந்து வர்ற இன்ஃப்ராரெட் கதிர் மட்டும் ஊடுருவிப் போயிடும். சாட்டிலைட் சோலார் செல்லுக்கும் அடித்தகடு இதுதான்.

இவ்ளோ முக்கியமான பொருளுக்கு தனிச் சுரங்கம்னு கிட்டத்தட்ட எதுவும் கிடையாதுக்கா. துத்தநாகத் தாதுல துளித்துளியா ஒட்டிக்கிட்டு வரும், இல்லன்னா சீனால யுனான், உள் மங்கோலியா பக்கம் சில நிலக்கரில இருக்கும், எரிச்ச சாம்பல்ல இருந்து எடுப்பாங்க. உலகம் முழுக்க துத்தநாகம் வருஷத்துக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல, ஜெர்மானியம் சில நூறு டன்ன தாண்டாது. அதுல பாதிக்கு மேல சுத்திகரிக்கிறது சீனா. 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து லைசென்ஸ் இல்லாம ஏற்றுமதி கிடையாதுன்னாங்க, 2024 டிசம்பர்ல அமெரிக்காவுக்கு மொத்தமா நிறுத்துனாங்க, 2025 நவம்பர்ல அந்தத் தடைய மட்டும் ஒரு வருஷத்துக்கு தள்ளி வெச்சாங்க. இதுக்குள்ள விலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு.

அமெரிக்காவுக்கு மண்ணுல இல்லாம இல்ல. அலாஸ்கா ரெட் டாக் சுரங்கத்துல வெட்டுற தாது கனடாவுல ட்ரெயில்ங்கிற ஊருக்குப் போயி அங்கதான் ஜெர்மானியம் பிரியுது. காங்கோவுல லுபும்பாஷி ஊருக்குள்ளயே மலை மாதிரி நிக்கிற பழைய உலைக் கசடு, பல வருஷமா வேண்டாம்னு கொட்டுனது, அதுல இருந்து எடுத்து 2024-ல பெல்ஜியத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அப்போ பஞ்சம் எதுக்கு? பிரிச்சு எடுக்கத் தெரிஞ்ச பட்டறைக்கும் ஆளுக்கும்தான். உங்க பொண்ணு படிக்கப் போறது அதத்தான்.

அந்தப் பிரிக்கிற வேலை உருக்குறது மட்டும்னு நினைக்காதீங்க. துத்தநாகத்த ஆசிட்ல கரைச்சப்புறம் மிஞ்சுற சக்கைல இருந்து ஜெர்மானியத்த சேத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு குளோரைடா மாத்துவாங்க, அந்த குளோரைடு 84 டிகிரி வாக்குலயே கொதிச்சு ஆவியாயிடும், தண்ணி கொதிக்கிறதுக்கும் முன்னாடி. அந்த ஆவியத் தனியாப் பிடிச்சு, தண்ணில விட்டு ஆக்சைடாக்கி, ஹைட்ரஜன் வெச்சு உலோகமாக்கி, அப்புறம் கட்டிய ஒரு ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா உருக்கிக்கிட்டே போயி அழுக்க எல்லாம் ஒரு நுனிக்குத் தள்ளிடுவாங்க. பிளஸ் டூ கெமிஸ்ட்ரில வர்ற ஜோன் ரிஃபைனிங்தான் இது, அவகிட்ட கேட்டுப் பாருங்க, கடகடன்னு சொல்லுவா.

ஒரு விஷயம் நேராவே சொல்லிடறேன், இது அவளுக்கும் தெரியணும். ஜெர்மானியம்னு போர்டு மாட்டி நம்ம ஊர்ல ஆயிரம் வேலை காத்துட்டு இல்ல. இந்தியா இத முழுக்க இறக்குமதிதான் பண்ணுது, 2023-ல வெளியிட்ட 30 முக்கிய கனிமப் பட்டியல்ல இதுவும் இருக்கு, 2025 ஜனவரில அதுக்குன்னு தேசிய மிஷனும் வந்துச்சு, ஆனா ஆலை வளர வருஷம் ஆகும். அதனால ஒரே உலோகத்த நம்பி போக வேண்டாம், கத்துக்கப் போற கையை நம்பிப் போகட்டும். அதே கைதான் பழைய பேட்டரில இருந்து லித்தியம், கோபால்ட் எடுக்குறதுக்கும் வேணும். தொடக்கத்துல சம்பளம் ஐடி அளவுக்கு வராம போகலாம், ஆலை ராஜஸ்தான், ஒடிசான்னு தூரமா இருக்கும், ஷிப்ட் இருக்கும். இது உங்களுக்கு சம்மதமான்னு இப்பவே வீட்ல உக்காந்து பேசிடுங்க, மூணாவது வருஷத்துல பேச வேண்டாம்.

சேந்தப்புறம் ஃபிசிகல் கெமிஸ்ட்ரியையும் தெர்மோடைனமிக்ஸையும் விடாம பிடிச்சுக்கச் சொல்லுங்க. ரெண்டாவது வருஷ லீவுல காரைக்குடில இருக்குற சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதட்டும், கிடைக்கலன்னா அடுத்த தடவையும் எழுதட்டும். பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கு, அதக் கொஞ்சம் கத்துக்கிட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடச் சொன்ன சொந்தக்காரங்களுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆச்சு. மூணாவது வருஷத்துல இருந்து கேட் (GATE) எக்ஸாம், அது நல்லா எழுதுனா மேல்படிப்பு, பொதுத்துறை கம்பெனி, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம்னு வழி நிறைய இருக்கு.

இப்போதைக்கு சீட்ட கன்ஃபர்ம் பண்ற தேதிய பாருங்கக்கா. கடைசி நாள் வரைக்கும் வெக்காதீங்க, அன்னைக்கு சைட் தொங்கும். பொண்ண பக்கத்துல உக்கார வெச்சு அவ கையாலயே க்ளிக் பண்ணச் சொல்லுங்க, முடிஞ்சதும் ஸ்க்ரீன்ஷாட் எனக்கு அனுப்புங்க.