அமெரிக்க கார் நிறுவனங்கள் சரிந்ததற்கு யூனியன்தான் காரணமா?

"அமெரிக்க கார் நிறுவனங்கள் ஜப்பான் கார்களிடம் தோற்றதற்கு யூனியனும் அதிகச் சம்பளமும்தானே காரணம்? இப்போது சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி போட்டிருக்கிறார்களே, அது அவர்களைக் காப்பாற்றுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். எங்கே பழுது வந்தாலும் "ஆபரேட்டர் சரியில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அதே பழியை ஒரு நாட்டின் மொத்தத் தொழிலாளர்கள் தலையிலும் கட்டும்போது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அது தவறு என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையே சாட்சி.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அது. 1982-ல் இழுத்து மூடினார்கள். அந்த நிறுவனத்திலேயே படுமோசமான ஆலை என்று பெயர் வாங்கியிருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வருவதில்லை. வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடித்தார்கள். ஆனால் அங்கே இருந்த விதியைப் பாருங்கள்: என்ன ஆனாலும் லைன், அதாவது கார்களை வரிசையாக நகர்த்திப் பாகம் பாகமாகப் பூட்டும் ஓட்டம், நிற்கக் கூடாது. தவறான எஞ்சின் ஏறிவிட்டது, பிரேக்கைத் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று கண்ணெதிரே தெரிந்தாலும் வண்டி அடுத்த ஆளிடம் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் வெளியே வரிசையாக நிறுத்தி, வேறு ஆட்களை வைத்துப் பிரித்து மாட்டுவார்கள். மேலே இருந்தவர்களுக்கு அன்றைக்கு எத்தனை வண்டி இறங்கியது என்பது மட்டும்தான் கணக்கு.

1984-ல் அதே ஆலை டொயோட்டாவுடன் கூட்டாக, நம்மி என்ற பெயரில் மறுபடி திறந்தது. நிர்வாகம் டொயோட்டாவின் கையில். வேலைக்கு எடுத்ததோ பெரும்பாலும் அதே பழைய ஆட்களை, அதே யூனியனோடு. குழுகுழுவாக ஜப்பானில் உள்ள தகாவோக்கா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். அங்கே லைன் நெடுகத் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும், ஆண்டான் கயிறு என்பார்கள். ஒரு போல்ட் சரியாக இறங்கவில்லையா, இழுக்கலாம். உடனே ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் வந்து நின்று என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். யாரும் திட்டமாட்டார்கள். லைனை நிறுத்தினால் வேலை போய்விடும் என்று பயந்தே பழகியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அதே முறை ஃப்ரீமாண்டுக்கும் வந்தது. கொஞ்ச காலத்திலேயே ஃப்ரீமாண்ட் ஆலையின் தரம் ஜப்பான் ஆலைகளுக்குச் சமமாக வந்துவிட்டது. மட்டம் போடுவதும் வெகுவாகக் குறைந்தது. ஆட்கள் மாறவில்லை, யூனியன் மாறவில்லை.

சரி, இதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் கற்றுக்கொண்டதா? அதே மாநிலத்தின் வேன் நைஸ் ஆலையில் முயன்றார்கள். ஆனால் மேற்பார்வையாளர்கள் லைன் நிற்பதைச் சகிக்கவே இல்லை. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது. இதற்கிடையில் ரோபோக்களிலும் புது ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான கோடி டாலரைக் கொட்டினார்கள். தன் கூரைக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்த பாடத்தை நிறுவனம் முழுக்கக் கொண்டுபோக அவர்களுக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

யூனியன் ஒப்பந்தங்கள் சுமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2000-களில் மருத்துவச் செலவு மட்டும் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு காருக்குச் சுமார் 1,500 டாலர் ஆனது. ஓய்வுபெற்றவர்களின் செலவும் அதில் சேர்த்தி. ஜப்பானில் எல்லோருக்கும் அரசு ஏற்பாட்டில் மருத்துவக் காப்பீடு உண்டு, அந்தச் சுமை நிறுவனத்தின் தலையில் இப்படி விழுவதில்லை. அப்புறம், அந்த ஒப்பந்தங்களில் நிர்வாகமும்தானே கையெழுத்துப் போட்டது?

இன்னொன்று, சின்ன கார் என்றாலே டெட்ராய்டுக்கு, அதாவது அந்த ஊரை மையமாகக் கொண்ட அமெரிக்க கார் நிறுவனங்களுக்கு, இளக்காரம். லாபம் பெரிய வண்டியில். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து மக்கள் சின்ன காரைத் தேடியபோது ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்தது செவர்லே வேகா. எஞ்சின் சூடேறிப் பழுதாகும், பாடி சீக்கிரமே துருப்பிடிக்கும். பக்கத்திலேயே ஜப்பானின் கொரோலாவும் சிவிக்கும். முதல் காரில் ஏமாந்தவர் அடுத்த காருக்கு அதே ஷோரூமுக்குப் போவாரா?

இப்போது வரி. இரண்டு முறை வேலி போட்டுப் பார்த்தாயிற்று. ஐரோப்பாவுடன் வந்த கோழி இறைச்சித் தகராறுக்குப் பதிலடியாக, 1964-ல் பிக்கப் போன்ற வெளிநாட்டு லைட் டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தார்கள். அது இன்றும் இருக்கிறது. போட்டி குறைந்த அந்தப் பிக்கப் சந்தையிலேயே டெட்ராய்ட் ஒதுங்கிக்கொண்டது. 1981-ல் ஜப்பான் கார்களுக்கு ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரம்பு? ஜப்பானியர்கள் விலை கூடிய கார்களை அனுப்பினார்கள், அவர்களின் சொகுசு கார் பிராண்டுகளான அக்யூராவும் லெக்ஸஸும் அந்தப் பத்தாண்டில்தான் பிறந்தன. ஹோண்டா 1982-ல் ஒஹையோவிலேயே கார் தயாரிக்கத் தொடங்கியது. டெட்ராய்டுக்கு விலையேற்றத்தில் நல்ல லாபம். 2008-ல் பெட்ரோல் விலை ஏறி, கூடவே நிதி நெருக்கடியும் வந்தபோது, பெரிய வண்டிகளை நம்பியிருந்த கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்த ஆண்டே திவால் மனு போட்டன.

அதனால் 2024-ல் அறிவித்த 100 சதவீத வரி அவகாசம் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய சின்ன மின்சாரக் கார் டெட்ராய்டிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் விலை குறைந்த மின்சாரக் காரான போல்ட்டை நிறுத்தப்போவதாக 2023 ஏப்ரலில் அறிவித்தது, அந்த ஆலையில் மின்சார பிக்கப் செய்யப்போவதாக அப்போது சொன்னார்கள். சில மாதங்களில் மனம் மாறி, போல்ட்டைத் திரும்பக் கொண்டுவருவோம் என்றார்கள். அந்த இரண்டாவது அறிவிப்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.