ஆறுமணிக்குருவியும் சருகும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், சுற்றுச்சுவரை ஒட்டிய வேப்ப மரத்தடியில் கடந்த வாரம் ஆறுமணிக்குருவி ஒன்றைக் கண்டேன். சில ஆண்டுகளாக அங்கே காலைதோறும் நின்று பறவைகளைப் பார்த்து வருகிறேன். இது வந்ததே இல்லை. கைகால் நடுங்கிவிட்டது. நண்பர்களோ, "அது ஆண்டுதோறும் தெற்கே வருவதுதானே, இதில் என்ன அபூர்வம்?" என்கிறார்கள். படமெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மறுநாள் சருகைக் கூட்டச் சொல்லிக் காத்திருந்தேன், பறவை வரவில்லை. என் மகிழ்ச்சி அசட்டுத்தனமா? எந்தக் கேமரா வாங்கலாம்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

எங்கள் தெருவில் தினமும் காலையில் சருகை எரிக்கும் புகைக்கு நடுவே இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பாதி வரை மகிழ்ச்சியோடு வாசித்தேன். சருகைக் கூட்டச் சொன்ன வரியில் கோபம் வந்துவிட்டது.

முதலில் உங்கள் நண்பர்கள். மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இரவிரவாகப் பறந்து தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வேப்ப மரத்தடிக்கு அது வந்ததில்லை என்பதை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைக் கிளறும் ஓசை வேறு. ஒற்றைப் பறவை இரண்டு தத்தல் தத்தி நின்று, ஓர் இலையை அலகால் புரட்டிப் போட்டு, மறுபடி அசையாமல் நிற்கும் ஓசை வேறு. முதல் ஓசையைக் காலைதோறும் கேட்டுப் பழகிய காதுக்கே இரண்டாவது ஓசை உறைக்கும். செய்தி கேட்டு வண்டியேறி வருபவருக்குப் பறவை கிடைக்கலாம், அந்த நடுக்கம் கிடைக்காது. 1950 முதல் 1996இல் மறையும் வரை ஆங்கில நாளிதழில் காட்டுயிர்களைப் பற்றிப் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன், யானைக்குக் கொடுத்த கவனத்தைச் சென்னையில் தன் வீட்டருகே கண்ட காகத்துக்கும் அணிலுக்கும் கொடுத்தார். நீங்கள் அந்த வழியில்தான் போகிறீர்கள். யார் சிரித்தாலும் விடாதீர்கள்.

இனி சருகுக்கு வருகிறேன். சோற்றுத் தட்டை எடுத்துவிட்டு, விருந்தாளி ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்கிறீர்கள். மேலே மொறுமொறுவென்று கிடக்கும் இலைகளை விலக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருக்கும், ஈரத்தில் கரையானும் புழுவும் வண்டும் சிறு நத்தையும் இருக்கும். குட்டை வால், உயரமான கால், தடித்த அலகு என அந்தப் பறவையின் உடம்பு முழுவதும் இந்தத் தரைக்கென்றே அமைந்தது. நெடுந்தொலைவு பறந்து களைத்து, நகரத்து விளக்குகளில் தடுமாறிக் கண்ணாடி ஜன்னலில் மோதி விழாமல் தப்பி, துரத்தும் காகங்களிடமிருந்தும் தப்பி, ஒரு நிழலையும் கொஞ்சம் சருகையும் கண்டுபிடித்து அது இறங்கியிருக்கிறது. இடம் பிடித்துவிட்டால் கோடை தொடங்கும் வரைகூடத் தங்கியிருக்கும். அதை ஒரு படத்துக்காகக் கலைத்துவிட்டீர்கள்.

அம்பாசமுத்திரத்தில் என் பெரியம்மா முன்வாசலைத்தான் பெருக்குவாள். பின்கட்டு மாமரத்துச் சருகை அப்படியே மக்க விடுவாள்; வாழைக்கும் எலுமிச்சைக்கும் அதுவே உரம். ஐப்பசி பிறந்ததும் விளக்கு வைக்கும் நேரத்தில் கிணற்றடியிலிருந்து இரண்டு சுரத்தில் அந்தச் சீழ்க்கை எழும். "ஆறுமணி கூப்பிட்டாச்சு, விளக்க ஏத்து" என்று எங்களை விரட்டுவாள். அவளுக்குப் பின் வீட்டை வாங்கியவர்கள் மரத்தை வெட்டவில்லை. அடிமரம் வரை சிமென்ட் போட்டார்கள். அந்த மாமரம் இன்றும் காய்க்கிறது, அதனடியில் சீழ்க்கை கேட்டு வெகு காலமாகிறது. மரம் நடுவோம் என்று ஊரெங்கும் எழுதி வைக்கிறோமே, உதிரும் இலையைத் தரையிலேயே விடுவோம் என்று எங்காவது எழுதியிருக்கிறோமா? மரத்தை வளர்த்து அதன் இலையைக் கொளுத்துவதைத் தூய்மை என்று நம்புகிறோம். படித்தவர்கள் வாழும் குடியிருப்புகளில்தான் இந்த வெறி அதிகம். என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கேமரா பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள்; களைத்த பறவையை இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிறுத்தும் கொடுமை அது. கண்ட தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஜனவரியில் நீங்களும் சேருங்கள். மைனாவையும் காகத்தையும் விடாமல் எண்ணுங்கள்.

அதற்கு முன், கூட்டிய சருகு இன்னும் எரிக்கப்படாமல் இருந்தால் இன்றே திரும்பக் கொட்டச் சொல்லுங்கள். நடைபாதையைப் பெருக்கட்டும், சுவரோரம் வேம்பின் நிழல் விழும் அந்த இடத்தைப் பங்குனி வரை யாரும் தொட வேண்டாம். பாம்பு வரும் என்று அஞ்சுபவர்களுக்கு அந்த எல்லையைச் செங்கல் அடுக்கிக் காட்டிவிடலாம். சங்கத்துச் செயலாளர் மறுத்தால் இந்தப் பதிலை அவரிடம் கொடுங்கள். மேலும் கேள்வி இருந்தால் எனக்கே எழுதட்டும்.