தோர், லோக்கி, ஒடின் எல்லாம் மார்வெல் உருவாக்கிய பாத்திரங்கள்தானே? இதைப் புராணம், கலாசாரம் என்று ஏன் பெரிதாகக் கதைக்கிறார்கள்?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். மார்வெல் படங்களை மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன். அதில் பிழை இல்லை. ஆனால் "மார்வெல் உருவாக்கிய" என்று வாசித்த பிறகு பேசாமல் போக என்னால் முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஒஸ்லோவில் இருப்பவள் நான்.

இவர்கள் வட ஐரோப்பாவின் பழைய புராணத்தில் வருபவர்கள். ஒடின் தேவர்களின் தலைவன், தோர் அவனுடைய மகன். அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான மார்வெல் தோரைச் சித்திரக்கதைக்குள் கொண்டுவந்தது 1962இல். ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் இந்தக் கதைகளை 'எட்டா' என்ற நூலாக எழுதியது 1220 அளவில். அவருக்கு முன்னரே அவை பாட்டாக வாயில் இருந்தவை.

வந்த புதிதில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை எனக்கு. விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் கட்டடம் திறக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கும். பனி கொட்டும். பக்கத்தில் நகர மண்டபம், நோபல் சமாதானப் பரிசு கொடுக்கிற அதே கட்டடம். அதன் முன்முற்றத்தின் ஓரமாகக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. அங்கேதான் ஒதுங்குவேன். சுவரில் நிறம் பூசிய பெரிய மரச் செதுக்கல்கள், மொத்தம் 16. டாக்ஃபின் வேரன்ஷோல்ட் என்ற கலைஞர் செய்தவை. எனக்கு அப்போது பாஷை தெரியாது. பைபிள் கதைகளாக்கும் என்று இரண்டு மாரி முழுக்க நினைத்துக்கொண்டு நின்றேன்.

என்னோடு வேலை செய்த நோர்வேஜிய அம்மா ஒருவர்தான் ஒரு நாள் ஒரு பலகையைக் காட்டி, "ஆஸ்க், எம்ப்ளா" என்று மெதுவாகச் சொன்னார். ஒடினும் இரண்டு சகோதரர்களும் கடற்கரையில் நடக்கும்போது இரண்டு மரங்களைக் காண்கிறார்கள். அந்த மரங்களில் இருந்துதான் ஆஸ்க் என்ற முதல் ஆணும் எம்ப்ளா என்ற முதல் பெண்ணும். ஒருவர் உயிர்மூச்சைக் கொடுக்கிறார். அடுத்தவர் அறிவையும் அசைவையும். மூன்றாமவர் முகம், பேச்சு, செவி, பார்வை. இதையெல்லாம் அவர் எனக்குக் கையால்தான் சொன்னார். ஊதிக் காட்டினார், நெற்றியைத் தொட்டார், பிறகு வாய், காது, கண். அதுவரை எனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொற்கள் வாளி, துடைப்பம், சாவி. வேலைக்குத் தேவையில்லாத ஒரு சொல்லை முதன்முதலாக எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். எம்ப்ளா என்பது இன்றைக்கு இங்கே பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற சாதாரணப் பெயர்.

   

பழைய பாடல்களில் அநேகமானவை ஒரேயொரு தோல் கையெழுத்துப்படியால்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இன்று அதில் மிஞ்சியிருப்பது 45 இதழ்கள், எட்டு தொலைந்துவிட்டன. 1662இல் டென்மார்க் மன்னருக்குப் போன அந்தப் படி 1971இல் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பியபோது துறைமுகத்தில் சனம் திரண்டு நின்றது. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளில் வைத்த குள்ளர்களின் பெயர்களும் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் பெயரும் அதில் உள்ள பாடல் ஒன்றில் இருந்து எடுத்தவைதான். கலையில் தாக்கம் எங்கே என்று கேட்பவருக்கு இதுவே போதும்.

ஹிட்லரின் நாசிகள் தூக்கிப் பிடித்த புராணத்தை ஒரு தமிழச்சி ஏன் புகழ்கிறாள் என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும். ரூன் என்ற வட ஐரோப்பாவின் பழைய எழுத்தை அவர்கள் எடுத்தது உண்மை. ஓநாயின் வாய்க்குள் தன் கையை வைத்த தெய்வம் டீர். அவருடைய ரூன் 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு நோர்வே பனிச்சறுக்கு அணியின் சுவெட்டரில் வந்து, இன்றைய நவநாசிகளும் அதையே பாவிப்பதால் அணி அந்தச் சுவெட்டரைக் கைவிட்டது. அப்படி ரூன்களைப் பச்சை குத்தியவர்களுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் பயந்துகொண்டு நானும் இருந்திருக்கிறேன். அதற்காக அந்த அம்மா சொன்ன கதையை நான் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படங்களையும் நான் குறை சொல்லவில்லை. 2019 கோடையில் தங்கையின் மகன் ரொறன்ரோவில் இருந்து வந்தான், பன்னிரண்டு வயது. கடையில் வாங்கிய கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பி தலையில். முதலில் அவனை அரும்பொருளகத்துக்குக் கூட்டிப்போய், 1943இல் யெர்முண்ட்பூவில் கண்டெடுத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தைக் காட்டினேன். கொம்பே இல்லை. அந்தக் கொம்பு 1876இல் வாக்னர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடுப்போடு பரவியது.

பிறகு நகர மண்டப முற்றம். ஒடினின் குதிரை ஸ்லெய்ப்னிருக்கு முன்னால் நிறுத்தி, "இதின்ர தாய் ஆர் தெரியுமோ? லோக்கி" என்றேன்.

"பெரியம்மா, லோக்கி ஆம்பிளை எல்லோ? தோரின்ர தம்பி."

தம்பி அல்ல, ஒடினோடு இரத்தம் கலந்து சகோதரனானவன் என்று சொன்னேன். தேவர்களின் மதிலைக் கட்ட வந்த அரக்கனின் குதிரையை ஏமாற்றித் திருப்ப லோக்கி பெட்டைக் குதிரையாக மாறியதையும், பிறகு எட்டுக் காலோடு குட்டி ஈன்றதையும் சொன்னேன். கிட்டப் போய் ஒவ்வொரு காலாக எண்ணினான். எண்ணி முடித்ததும் என் கையைப் பிடித்து அடுத்த பலகைக்கு இழுத்தான்.