பரம்பரையாக வந்த துப்பாக்கி: முத்திரைகள் என்ன சொல்கின்றன?

ஆயுதப் பட்டறையில் முப்பது ஆண்டு பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: ஐயா, தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பெரிய ரிவால்வர் கிடைத்தது. இடப்பக்கம் ‘வெப்லி, மார்க் 6, 1917’ என்று இருக்கிறது. ஓர் அம்புக்குறியும் உண்டு. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மற்ற எழுத்துகளும் தெரியுமா?

தேய்க்காதீர்கள் தம்பி, கும்பிட்டுக் கேட்கிறேன். துருவோடு எழுத்தும் போய்விடும். அப்புறம் அது வெறும் இரும்புத் துண்டுதான்.

உங்களிடம் இருப்பது பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்தது. மார்க் 6 ரகத்தைப் பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் ஏற்றுக்கொண்டது. .455 போர் (அதாவது குழல் துளையின் அளவு), ஆறு தோட்டா, ஆறு அங்குலக் குழல். அந்த அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், ராணுவமே அதைக் கழித்து வெளியே விற்றது என்று பொருள். ஒற்றை அம்பு மட்டும் என்றால் அது வெளியே வந்த கதையைத் தாத்தாவின் காகிதங்களில்தான் தேட வேண்டும். கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்று இருந்தால் அது புகையில்லா வெடிமருந்தில் சுட்டுச் சோதித்த முத்திரை. 1904க்குப் பிறகு பர்மிங்காம் சோதனைச்சாலை குத்தியது.

இதையெல்லாம் விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்ததா என்று பாருங்கள். இருந்தாலும் அது அவரோடு முடிந்துவிட்டது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21இன்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்றும் நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம். வாரிசு என்ற முறையில் பிறகு லைசென்ஸ் கேட்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி: அப்பாவின் சிறிய பிஸ்டல், இப்போது முறைப்படி என் பெயரில் இருக்கிறது. ‘பிரவுனிங்’ என்று எழுதியிருப்பதால் அமெரிக்காவில் செய்தது என்கிறார்கள். ஆனால் முட்டை வடிவத்துக்குள் ‘இ.எல்.ஜி.’, கீழே நட்சத்திரம், மேலே கிரீடம் இருக்கின்றன.

பெல்ஜியம்தான் அம்மா. ஜான் பிரவுனிங் அமெரிக்கர், ஆனால் அவர் வடிவமைத்த பிஸ்டல்களை லியேஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். ஆலை செய்தது. நீங்கள் சொல்லும் முட்டை முத்திரை லியேஜ் சோதனைச்சாலையுடையது. கிரீடம் 1893இல்தான் சேர்ந்தது, ஆகவே அதற்கு முந்தியது அல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்கால்தான். அந்தச் சின்ன முட்டை முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் நிலையம் நினைவுக்கு வரும்.

கோவையிலிருந்து: சார், கழுகும் ‘என்’ எழுத்தும் இருந்தால் நாஜி அதிகாரியின் துப்பாக்கியா?

அப்படிச் சொல்ல முடியாது. அது 1940 முதல் ஜெர்மனியில் குத்திய சோதனை முத்திரை, கடையில் விற்றதிலும் இருக்கும். அதற்கு முன் ‘என்’ மேல் கிரீடம் இருந்தது.

மதுரையிலிருந்து: வரிசை எண் மழுங்கிவிட்டது. பட்டறையில் திரும்ப வெட்டிக்கொள்ளலாமா அண்ணே?

கூடவே கூடாது. அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டம் பிரிவு 8இன்படி குற்றம். லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், லென்ஸ் வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் நிழலில் பாதி எண்ணாவது தெரியும். அதைப் படம் எடுத்து லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் எழுத்தில் சொல்லுங்கள்.

சிவகங்கையிலிருந்து ஒரு பெரியவர்: எங்கள் வீட்டில் சக்கிமுக்கிக் கல் வைத்த கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. விசைத் தகட்டில் இதயம் போல ஒரு வடிவம், நாலாகப் பிரித்து எழுத்துகள், உச்சியில் ‘4’ போல ஒரு குறி.

ஐயா, அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு முத்திரை! 1808 வாக்கில் அதை விட்டுவிட்டு, எழுந்து நிற்கும் சிங்கத்தைப் போட ஆரம்பித்தார்கள். அப்படியானால் உங்களுடையது இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் சுடுமா சுடாதா என்று தீர்மானிப்பது நீங்களோ நானோ அல்ல, அதிகாரிகளிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். நூறு ஆண்டு கடந்ததால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் வரும், வெளிநாட்டுப் பேரனுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. மரப்பிடியில் மட்டும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த இதயத்தை நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் ஐயா.