ஓர் இரவு, இரு வேளைச் சாப்பாடு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். ஜப்பானில் தொழில் நடத்திய ஆண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் அதே துறையில்தான் இருக்கிறேன். சிங்கப்பூரில் பதிவுசெய்த சிறிய நிறுவனம் என்னுடையது. சிறு விடுதிகளுக்கான முன்பதிவு மென்பொருள் செய்கிறோம். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவில் நானூற்றுச் சொச்சம் விடுதிகள் அதைப் பயன்படுத்துகின்றன. அடுத்தது ஜப்பான் என்று முதலீட்டாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான்.

ஆறு மாதத்தில் மூன்று முறை டோக்கியோ போய் வந்தேன். பதினான்கு சந்திப்புகள். எல்லோரும் மரியாதையாக நடத்தினார்கள், நாங்கள் காட்டியதைக் குறிப்பெடுத்தார்கள், 'கெந்தோ ஷிமாஸ்', பரிசீலிக்கிறோம் என்றார்கள். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. இதற்கிடையே தொழில் நடத்துவோர் விசாவுக்கு மூலதனம் 3 கோடி யென் ஆகிவிட்டது. அந்தத் தொகையைப் போட்டு இப்போதே கம்பெனி திறப்பதா? பயண முகவர் பதிவு வேண்டுமா? டோக்கியோவா, ஃபுக்குவோக்காவா? மென்பொருளை முழுவதும் ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிட்டோம், அதனால் அந்தக் கவலை இல்லை.

அன்புடன்,
கே., சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 'அந்தக் கவலை இல்லை' என்று நானும் ஒருகாலத்தில் என் முதலீட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பிறகு கினோசாக்கியில் நண்டு விஷயம் நடந்தது.

கினோசாக்கி, ஹியோகோ மாநிலத்தில் ஜப்பான் கடலை ஒட்டிய வெந்நீரூற்று ஊர். ஏழு பொதுக் குளியல் கூடங்கள். விருந்தினர்கள் யுக்காத்தா என்ற பருத்தி அங்கி உடுத்திப் பாதக்குறட்டைக் 'கடக் கடக்' என்று ஒலிக்கவிட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போவார்கள். நவம்பர் 6-ஆம் தேதி நண்டுப் பருவம் தொடங்கும். பிறகு மார்ச் வரை ஊரின் சம்பாத்தியமே நண்டுதான். அங்கே பதினொரு அறைகள் கொண்ட ஒரு ரியோக்கான், அதாவது பாரம்பரிய ஜப்பானிய விடுதி, எங்கள் மென்பொருளை எடுத்துக்கொண்டது. நவம்பர் இரண்டாவது வாரம் இயங்கத் தொடங்கினோம். அந்தச் சனிக்கிழமையே நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று எங்கள் வழியாக ஓர் அறை பதிவுசெய்தது. எங்கள் கணக்கில் அது 'அறை ஒன்று, இரவு ஒன்று'. சமையலறைக்குப் போன சீட்டில் இரண்டு பேர் என்று இருந்தது. கட்டணமும் இருவருக்கானதுதான். மாலை ஐந்து மணிக்கு நான்கு பேர் வந்து நிற்கிறார்கள். நண்டு இருவருக்குத்தான் வாங்கியிருக்கிறது.

விடுதியின் எஜமானியம்மாள், ஓக்காமி என்பார்கள், பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் தொலைபேசி போட்டு நண்டு திரட்டி ஆறரைக்குள் பரிமாறிவிட்டார். விருந்தினர்களுக்கு எதுவும் தெரியாது. அன்றிரவு எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை என் ஜப்பானிய சகாவை அழைத்து மிகவும் பணிவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'உங்கள் ஊரில் ஓர் அறை என்றால் எத்தனை பேர்?'

அவர் வைதிருந்தால் தேவலை.

ரியோக்கான் அறையை விற்பதில்லை. அது விற்பது 'இப்பாக்கு நிஷோக்கு'. அதாவது ஓர் இரவு, இரு வேளைச் சாப்பாடு, ஓர் ஆளுக்கு. விலை தலைக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். அந்தத் தலை விலையும் ஒரே அறையில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். இருவர் என்றால் ஆளுக்கு 18,000 யென், மூவர் என்றால் 16,500, நால்வர் என்றால் 15,500 என்பதுபோல. தனியாள் என்றால் கூடுதல் விலை, அல்லது சனிக்கிழமைகளில் 'மன்னிக்கவும்'. குழந்தை என்றால் அது பெரியவர் சாப்பாடு சாப்பிடும் குழந்தையா, சிறுவர் தட்டுக் குழந்தையா, படுக்கை மட்டுமா, இரண்டும் வேண்டாத கைக்குழந்தையா? ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வெந்நீரூற்று ஊர் என்றால் தலைக்குக் குளியல் வரி, பெரும்பாலும் 150 யென், குழந்தைகளுக்குப் பொதுவாகக் கிடையாது. இவற்றுக்கெல்லாம் மேல் 'பிளான்' என்று ஒன்று இருக்கிறது: நண்டு பிளான், திருமண நாள் பிளான், முன்கூட்டிப் பதிவுசெய்தால் ஒரு பிளான். பத்து அறை விடுதியிலும் பிளான்கள் டஜன் கணக்கில் இருக்கும். பிளான், அறை வகை, ஆள் எண்ணிக்கை, தேதி ஆகிய நான்கும் சேர்ந்துதான் அங்கே ஒரு விலை.

நீங்கள் பொத்தான்களின் பெயர்களை ஜப்பானிய மொழிக்கு மாற்றியிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் அட்டவணை இன்னும் 'அறை, இரவு, விலை' என்றுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். எங்களுக்கு அந்த அட்டவணையைப் பிரித்து மறுபடி கட்ட எட்டு மாதம் ஆயிற்று. அதில் பாதி, ரத்து விதிகளுக்கே போயிற்று. ஏன் முந்தைய நாள் ரத்துக்கு அவ்வளவு கடுமை என்று எங்கள் பொறியாளர்களுக்குப் புரியவே இல்லை. காலியான அறையை வேறொருவருக்கு விற்கலாம், வாங்கி வைத்த நண்டை என்ன செய்வது?

டோக்கியோவின் பிசினஸ் ஹோட்டல்களுக்கு மட்டும் விற்பேன், இந்தத் தொல்லை வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் அங்கே உங்களுக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரக்குத்தென் டிராவல், ஜாலான் என்ற முன்பதிவுத் தளங்கள் உள்நாட்டுப் பயணிகளைக் கையில் வைத்திருக்கின்றன. விடுதிகளின் அறைக் கையிருப்பை எல்லாத் தளங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் சைட் கன்ட்ரோலர் வேலையை தெமாயிராசு, நெப்பான், டிஎல் லிங்கன் போன்றவை பல ஆண்டுகளாகச் செய்கின்றன. அவற்றை அகற்றிவிட்டு உங்களுடையதை வையுங்கள் என்று கேட்டால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். அவற்றோடு இணைந்து வேலை செய்கிறதா என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. உங்கள் பதினான்கு சந்திப்புகளில் ஒருவராவது இதைக் கேட்டாரா?

இன்னொன்று. வெளிநாட்டுப் பயணிகள் பெருகுகிறார்கள் என்பதுதான் உங்கள் முதலீட்டாளர்களின் கண்ணில் பட்டிருக்கும். 2024-இல் 3 கோடியே 68 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், அவர்கள் செலவிட்டது 8.1 லட்சம் கோடி யென். பெரிய தொகைதான். அதே ஆண்டு ஜப்பானியர்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே பயணம் செய்து செலவிட்டது சுமார் 25 லட்சம் கோடி யென். ரியோக்கான்காரர் கல்லாவில் உட்கார்ந்து யோசிப்பது இந்த இரண்டாவது தொகையைப் பற்றி.

'கெந்தோ ஷிமாஸ்' விஷயம். நம் வீடுகளில் பெண் பார்த்துவிட்டு, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்பார்களே, அதுதான் இது. ஆறு மாதமாகக் கடிதம் வரவில்லை என்றால் சம்பந்தம் இல்லை. நம் ஆட்கள்தான் இதை உடனே புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் வெளிநாட்டில் அதே வார்த்தையைக் கேட்டால் நம்பிவிடுகிறோம். உண்மையிலேயே பரிசீலிப்பவர்கள் எரிச்சலூட்டும் கேள்விகள் கேட்பார்கள். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மென்பொருள் நின்றுபோனால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், எடுப்பவர் ஜப்பானியர்தானா, இதற்கு முன் எங்கே தவறியது, அப்போது என்ன செய்தீர்கள்? இவற்றைக் கேட்டுவிட்டு, மறுபடி அதையே வேறொரு துறைக்காரர் எழுத்தில் கேட்டால், உள்ளே கோப்பு ஒவ்வொரு மேசையாக முத்திரை வாங்கிக்கொண்டு நகர்கிறது என்று அர்த்தம். குறிப்பெடுத்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே குறிப்பெடுப்பது எதிரில் பேசுபவருக்குக் காட்டும் மரியாதை.

இனி 3 கோடி. செய்தி சரிதான். 2025 அக்டோபர் 16 முதல் தொழில் நடத்துவோர் விசாவுக்கான மூலதனம் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்திருக்கிறது. அதோடு முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டும். அவர் ஜப்பானியராகவோ நிரந்தர வசிப்புரிமை போன்ற தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். நீங்களோ முழுநேர ஊழியர் ஒருவரோ நல்ல ஜப்பானியம் பேச வேண்டும். உங்களுக்கு மூன்றாண்டு நிர்வாக அனுபவமோ முதுகலைப் பட்டமோ வேண்டும், தொழில் திட்டத்தை ஒரு நிபுணர் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் கம்பெனியையும் விசாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். 3 கோடி கேட்பது விசா. கம்பெனியை 1 யென் மூலதனத்தில்கூட 2006 முதல் பதியலாம். நிர்வாக இயக்குநர்களில் ஒருவராவது ஜப்பானில் வசிக்க வேண்டும் என்ற நடைமுறையையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள். நீங்கள் சிங்கப்பூரிலேயே இருந்துகொண்டு, அங்கே நல்ல ஆள் ஒருவரை அமர்த்தி நடத்த முடியும். இடறுவது வங்கியில்தான். கணக்கு திறக்க முகவரி, வியாபாரம் நடக்கும் அத்தாட்சி, ஜப்பானில் ஆள் எல்லாம் கேட்பார்கள். வியாபாரம் நடக்கக் கணக்கு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. எங்களை ஒரு வங்கி மூன்று முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை காரணம், என் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் இனிஷியல். படிவத்திலோ குடும்பப் பெயர் தனியே, பெயர் தனியே, இரண்டுக்கும் கட்டக்கானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் உச்சரிப்பு தனியே. என் அப்பாவின் பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓர் ஆவணத்தில் முழுதாகவும் இன்னொன்றில் வெட்டியும் வந்ததால் இரண்டும் வேறு வேறு ஆள் என்றார்கள். எல்லா ஆவணங்களிலும் ஒரே கட்டக்கானா எழுத்துக்கோவையை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். அற்பமாகத் தோன்றும், எனக்கு ஏழு வாரம் தின்றது.

உரிமம் பற்றி. அங்கே 1952 முதல் பயணத்தொழில் சட்டம் இருக்கிறது. விடுதிக்கு மென்பொருள் கொடுத்து, மாதக் கட்டணம் வாங்கி, விருந்தினருக்கும் விடுதிக்கும் நேரடி ஒப்பந்தம் என்று நிறுத்திக்கொண்டால் பொதுவாக நீங்கள் அதற்குள் வரமாட்டீர்கள். இடையில் நின்று தங்குமிடத்தையோ போக்குவரத்தையோ விற்றுக் கமிஷன் எடுத்தால் பதிவு வேண்டும். பதிவில் பல வகை உண்டு; வைப்புத்தொகை முதல் வகைக்குக் குறைந்தது 7 கோடி யென், மூன்றாம் வகைக்கு 30 லட்சம். பயண முகவர் நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினரானால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒவ்வோர் அலுவலகத்திலும் தேர்வில் தேறிய பொறுப்பாளர் ஒருவரும் இருக்க வேண்டும். வெளிநாட்டு முகவர்களுக்காக ஜப்பானுக்குள் அறையும் பேருந்தும் ஏற்பாடு செய்து கொடுத்தால் 2018 முதல் அதற்குத் தனிப் பதிவு. உங்கள் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு 'கியோசேய் ஷோஷி' ஒருவரைப் பாருங்கள். விசாவும் உரிமமும் அவர் வேலை. கம்பெனிப் பதிவுக்கு வேறொருவர், வரிக்கு இன்னொருவர். மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கதை சொல்ல வேண்டியிருக்கும். சட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2018 ஜூனில் வீட்டுத் தங்கல் சட்டம் வந்தபோது ஏர்பிஎன்பி ஜப்பானில் தன் பட்டியலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை ஒரே வீச்சில் நீக்க வேண்டிவந்தது.

பணம் இருந்தால் இதையெல்லாம் தாண்டிவிடலாம் என்று உங்கள் முதலீட்டாளர் யாராவது சொன்னால், ஓயோவை நினைவூட்டுங்கள். 2019-இல் சாஃப்ட்பேங்க் கைபிடித்து ஜப்பானுக்கு வந்த இந்திய நிறுவனம். வாடகை வீட்டுப் பிரிவில் கூட்டாளியாக இருந்த யாஹூ ஜப்பான் அந்த ஆண்டே விலகிக்கொண்டது. ஹோட்டல் பிரிவு பிற்பாடு தபிஸ்த் என்று பெயர் மாறிவிட்டது. அவர்களிடம் பணத்துக்கா பஞ்சம்?

டோக்கியோவா, ஃபுக்குவோக்காவா என்ற கேள்விக்கு விசா அடிப்படையில் மட்டும் பதில் சொல்வதானால் ஃபுக்குவோக்கா. ஸ்டார்ட்அப் விசாவை 2015-இல் முதலில் நடைமுறைப்படுத்திய நகரம் அது. பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடம் ஒன்றையே புதுத் தொழில்முனைவோருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்த விசாவில் இப்போது அதிகபட்சம் இரண்டு ஆண்டு கிடைக்கும், அதற்குள் 3 கோடிக்கும் ஊழியருக்கும் வழி தேடலாம். ரயிலில் இரண்டு மணி நேரத்தில் யுஃபுயின், பெப்பு என்று வெந்நீரூற்று ஊர்கள். உங்களுக்கு வேண்டியது அந்த ஊர்கள்தான்.

இப்போது கம்பெனி திறக்க வேண்டாம். சாதாரண விசாவில் போங்கள், வேலை செய்ய அனுமதி இல்லை, பார்க்கவும் பேசவும் தடையில்லை. அறிமுகம் பிடித்து ஒரு ரியோக்கானில் மூன்று இரவு கட்டணம் கட்டித் தங்குங்கள். பிற்பகல் இரண்டு முதல் ஏழு வரை பின்கட்டு அலுவலகத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். எந்த முன்பதிவு எந்தத் திரையில் வருகிறது, எது ஃபேக்ஸில் வருகிறது, அதை யார் கையால் எழுதிச் சமையலறைக்கு எடுத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். மடிக்கணினியை வெளியில் எடுக்காதீர்கள். திரும்பி வந்து உங்கள் அட்டவணையைக் கிழித்துப் போட்டால் மறுபடி எழுதுங்கள், கம்பெனி பற்றி அப்போது பேசுவோம்.

போகும்போது இனிப்புப் பெட்டி ஒன்று கொண்டுபோங்கள். எங்கள் நண்டு விஷயத்துக்கு மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது நான் நல்ல கேக் ஒன்றை முழுதாக வாங்கிப் போக இருந்தேன். சகா தடுத்துவிட்டார். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அதை வெட்ட யாருக்கு நேரம், எந்தத் தட்டில் வைப்பார்கள் என்றார். ஒவ்வொன்றும் தனி உறையில் இருக்க வேண்டும், நாள்பட வேண்டும், ஆள் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. எத்தனை ஆள் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்.